இருபத்தைந்து சீட்டுக்கு ஒரு கட்டு

1991 ஜூன் மாதம். உத்தரப் பிரதேசத்தில் ஒரு மாவட்டத் தலைநகர். லோக் சபாவுக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்த்து நடந்த தேர்தலின் ஓட்டுகள் ஒரு கல்லூரி மண்டபத்தில் எண்ணப்பட்டுக் கொண்டிருந்தன. வெளியே அனல் காற்று. உள்ளே மின்விசிறிகள் இருந்தன, ஆனால் ஒன்றுகூடச் சுற்றவில்லை. காரணம் மின்வெட்டு அல்ல. விசிறியைப் போட்டால் ஓட்டுச் சீட்டுகள் பறந்துவிடும்.

செய்தி சேகரிக்கப் போன நான் ஒரு மேஜையருகே வெகுநேரம் நின்றேன். ஐம்பதைக் கடந்த ஒரு பள்ளி ஆசிரியர் அங்கு எண்ணிக் கொண்டிருந்தார். சீட்டைப் பிரிக்க வேண்டும். முத்திரை எந்தச் சின்னத்தின் மேல் விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். கம்பி வலைக்கு அப்பால் நிற்கும் ஏஜென்டுகளுக்குக் காட்ட வேண்டும். உரிய தடுப்பில் போட வேண்டும். 25 சீட்டு சேர்ந்தால் ஒரு கட்டு. ஒரு சுற்றில் ஒரு மேஜைக்கு ஆயிரம் சீட்டு. அது முடிந்ததும் அடுத்த ஆயிரம்.

இரவு இரண்டு மணிவாக்கில் அவர் கண்கள் சீட்டைப் பார்ப்பதை நிறுத்திவிட்டன என்று எனக்குத் தோன்றியது. கை மட்டும் பழக்கத்தில் போய்க் கொண்டிருந்தது. ஒரு சீட்டு பக்கத்துத் தடுப்பில் விழுந்தது. "மாஸ்டர் சாஹேப்!" என்று வலைக்கு அப்பாலிருந்து ஒரு குரல். கூப்பிட்டவர் ஒரு சுயேச்சையின் ஏஜென்ட். அந்த ஓட்டு அவருடைய வேட்பாளருக்கு விழுந்ததுகூட அல்ல. ஆசிரியர் சங்கடத்துடன் சீட்டை எடுத்து மாற்றிப் போட்டார். யாரோ டீ வரவழைத்தார்கள். எண்ணிக்கை தொடர்ந்தது.

அந்த ஆசிரியர் விடிய விடியச் செய்த வேலையை இன்று இயந்திரம் ஒரு பொத்தான் அழுத்தலில் முடித்துவிடுகிறது. 2024 ஜூன் 4 அன்று நாடு முழுவதும் சுமார் 64 கோடி ஓட்டுகள் ஒரே நாளில் எண்ணப்பட்டன. ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்ய மனிதன் லாயக்கா, இயந்திரம் லாயக்கா என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை என்றுதான் நானும் பல ஆண்டுகள் நினைத்திருந்தேன்.

காகிதச் சீட்டின் காலத்தை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் அதன் அவஸ்தைகளை மறந்துவிட்டார்கள். சீட்டைத் தவறாக மடித்தால் மை இன்னொரு சின்னத்தில் ஒட்டிக்கொள்ளும். முத்திரை இரண்டு சின்னங்களுக்கு நடுவே கோட்டின் மேல் விழும். சிலர் முத்திரைக்குப் பதில் கைநாட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் ஒரு வழக்கு. தேர்தல் அதிகாரி நீதிபதியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். 1996-ல் தமிழ்நாட்டின் மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டபோது ஓட்டுச் சீட்டை ஒரு புத்தகமாகவே அச்சிட வேண்டி வந்தது. (இயந்திரத்துக்கும் இந்தத் தொல்லை இல்லாமல் இல்லை. 2019-ல் தெலங்கானாவின் நிஜாமாபாதில் 185 பேர் நின்றதால் ஒவ்வொரு பூத்திலும் பன்னிரண்டு ஓட்டுப் பெட்டிகளை வரிசையாக இணைக்க நேர்ந்தது.)

1989-ல் ஆந்திராவின் அனகாபள்ளி லோக் சபா தொகுதியில் வெற்றி வித்தியாசம் ஒன்பது ஓட்டு. 1998-ல் பீகாரிலிருந்த ராஜ்மஹலிலும் அதே ஒன்பது. ஒரு கட்டில் பாதிகூட இல்லை. தூக்கக் கலக்கத்தில் ஒரு கை செய்யக்கூடிய பிழை எவ்வளவு, அதன் விலை எவ்வளவு என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே இயந்திரம் வந்தது நியாயமே. வந்த விதம்தான் வேடிக்கை. 1982-ல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் ஐம்பது பூத்துகளில் முதன்முதலாக அதை வைத்தார்கள். கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை தேர்தலுக்கு முன்பே அதை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனார். தேர்தலில் 123 ஓட்டில் ஜெயித்ததும் அவருடைய எதிர்ப்பு மறைந்தது. தோற்ற காங்கிரஸ் வேட்பாளர் ஏ.சி. ஜோஸ் இப்போது வழக்குப் போட்டார். சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் சொல்ல, அந்த ஐம்பது பூத்துகளிலும் காகிதத்தில் மறு ஓட்டுப் பதிவு நடந்தது. ஜோஸ் ஜெயித்தார். தோற்றவருக்கு இயந்திரத்தின் மேல் சந்தேகம், வென்றவருக்கு நம்பிக்கை என்ற வழக்கம் அன்றே பிறந்துவிட்டது. அதன் பிறகு எந்தக் கட்சியும் அதற்கு விலக்காக இருந்ததாக எனக்கு நினைவில்லை. பின்னர் சட்டம் திருத்தப்பட்டது. 2004 லோக் சபா தேர்தலில் நாடு முழுக்க இயந்திரம்தான்.

தோற்றவரின் சந்தேகத்தை வெறும் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியுமா? அந்த ஆசிரியரை மீண்டும் நினைத்துப் பார்க்கிறேன். அவர் தப்பு செய்தார். ஆனால் அது தப்பு என்று அந்த இடத்திலேயே தெரிந்தது. அதைக் கண்டுபிடிக்க எஞ்சினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை, சின்னத்தை அடையாளம் தெரிந்தால் போதும். மேலும், களைத்த கைகளின் பிழைகள் பலவிதம். ஒரு மேஜையில் இவருக்குப் பாதகம், அடுத்த மேஜையில் அவருக்குப் பாதகம். இயந்திரம் அப்படிச் சிதறிப் பிழை செய்யாது. பிழை செய்தால் ஒரே பிழையை, களைப்பில்லாமல், சத்தமில்லாமல் செய்து கொண்டே போகும். 2009-ல் ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் அந்நாட்டில் பயன்பட்ட ஓட்டு இயந்திரங்களை நிராகரித்தது. அவை தப்பாக எண்ணின என்று அது சொல்லவில்லை. சிறப்புத் தொழில்நுட்ப அறிவு இல்லாத சாதாரணக் குடிமகன் தேர்தலின் முக்கியக் கட்டங்களைத் தானே சரிபார்க்க முடியவேண்டும் என்றது.

வலைக்குப் பின்னால் கண்கள் இருந்தால் கை யோக்கியமாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2024 ஜனவரியில் சண்டிகர் மேயர் தேர்தலில் மொத்தமே 36 ஓட்டு. எண்ணிய அதிகாரி எட்டுச் சீட்டுகளில் பேனாவால் கிறுக்கிச் செல்லாததாக்கினார். முடிவே புரண்டது. ஆனால் அவர் கிறுக்கியதைக் காமிரா பார்த்தது, நாடு பார்த்தது. சுப்ரீம் கோர்ட் மூன்றே வாரத்தில் அந்த முடிவை ரத்து செய்து தோற்றதாகச் சொல்லப்பட்டவரை மேயராக அறிவித்தது. கையின் மோசடி கண்ணுக்குத் தெரிந்தது.

இதற்கெல்லாம் சமரசமாகத்தான் காகிதம் மீண்டும் வந்தது. 2013-ல் நாகாலாந்தின் நோக்சென் தொகுதியில் முதன்முதலாக, பிறகு 2019 லோக் சபா தேர்தலில் எல்லா பூத்துகளிலும். பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் ஏழு விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழும் அந்தச் சீட்டுதான். ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் குலுக்கலில் ஐந்து பூத்துகளின் சீட்டுகளைக் கையால் எண்ணி இயந்திரத்தின் கணக்கோடு ஒப்பிட வேண்டும் என்பது சுப்ரீம் கோர்ட் 2019-ல் போட்ட உத்தரவு. அந்தச் சீட்டுகளை எண்ணுவது வங்கிக் காஷியர் கூண்டு போன்ற கம்பி அடைப்புக்குள். அங்கும் 25 சீட்டுக்கு ஒரு கட்டுதான்.

எல்லாச் சீட்டுகளையும் எண்ணச் சொல்லி வந்த வழக்கை 2024 ஏப்ரல் 26 அன்று சுப்ரீம் கோர்ட் தள்ளுபடி செய்தது. மனிதர் தலையிடும் இடத்தில்தான் பிரச்னைகள் வருகின்றன, பலவீனமும் பாரபட்சமும் மனிதருடையவை என்ற பொருளில் விசாரணையின்போது நீதிபதி சஞ்சீவ் கன்னா பேசினார். தீர்ப்பில் ஒரு யோசனையும் உண்டு: சீட்டுகளை எண்ண ஓர் இயந்திரம் வைக்க முடியுமா என்று தேர்தல் கமிஷன் பரிசீலிக்கலாம். இயந்திரத்தைச் சோதிக்க வந்த காகிதத்தை எண்ணவும் ஓர் இயந்திரம்! இதற்குப் பதில் சீட்டே வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

கமிஷனின் பக்கத்திலும் வலுவான வாதம் இருக்கிறது. 2019-ல் ஒப்பிட்டவை இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள். வித்தியாசம் வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம், காலையில் நடக்கும் மாதிரி ஓட்டுப் பதிவை அழிக்க பூத் அதிகாரி மறந்துவிட்டது. தினமும் செய்யும் வேலையில் ஒரு படியைக் கை தாண்டிப் போய்விட்டது, அவ்வளவுதான். நாடு தழுவிய தில்லுமுல்லு இவ்வளவு பெரிய சோதனையிலிருந்து தப்ப முடியாது. நான் அதை ஏற்கிறேன்.

ஆனால் தோற்றவர் நாட்டுக்காக நிற்கவில்லை, ஒரு தொகுதிக்காக நிற்கிறார். அவர் தொகுதியில் 250 பூத்துகள், அவற்றில் ஐந்தில் கோளாறு என்று வைத்துக்கொள்வோம். குலுக்கலில் எடுக்கும் ஐந்தில் கோளாறான ஒன்றாவது சிக்க வாய்ப்பு சுமார் பத்தில் ஒன்றுதான். ஒன்பது ஓட்டில் தோற்றவருக்கு இந்தக் கணக்கு ஆறுதல் தராது.

என் யோசனை மிகச் சாதாரணமானது. இயந்திரம் எண்ணட்டும், அது நம்மைவிட நன்றாக எண்ணுகிறது. குலுக்கலில் வரும் ஐந்து அப்படியே இருக்கட்டும். அதற்கு மேல் இன்னொரு ஐந்தோ பத்தோ பூத்துகளை இரண்டாவதாக வந்த வேட்பாளர் தேர்ந்தெடுக்கட்டும். எந்த பூத்தில் தன் கணக்கு உதைக்கிறது என்பது அவருடைய ஏஜென்டுகளுக்குத்தான் தெரியும். அந்தச் சீட்டுகளை மனிதக் கைகள் எண்ணட்டும், அவருடைய ஆட்கள் வலையைப் பிடித்துக்கொண்டு பார்க்கட்டும்.

நேரமாகும் என்பது கமிஷன் எப்போதும் சொல்லும் பதில். ஒரு பூத்தின் சீட்டுகளை எண்ண ஒரு மணி நேரம் ஆகிறதாம். ஆகட்டும். 2024-ல் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளும் புதுச்சேரியும் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19. பெட்டிகள் பூட்டிக் கிடக்க, முடிவுக்காக அந்த வாக்காளர்கள் 46 நாட்கள் காத்திருந்தார்கள். நாற்பத்தேழாவது நாளும் காத்திருப்பார்கள்.