குடித்துவிட்டு கார் ஓட்டியவருக்கு எந்த இன்சூரன்சு?

குடித்துவிட்டு கார் ஓட்டிய ஒருவர் போலீசாரிடம் பிடிபட்டார். கோர்ட்டுக்குப் போனார். அபராதம் கட்டினார். சில மாதம் லைசென்சும் இல்லாமல் இருந்தார். இப்பொழுது லைசென்சு திரும்பி வந்துவிட்டது. காரின் இன்சூரன்சைப் புதுப்பிக்க வேண்டும்.

எந்த இன்சூரன்சை எடுப்பது?

"எது மலிவோ அதை எடு!" என்கிறார்கள் நண்பர்கள். "பெரிய இன்சூரன்சாக எடுத்துவிடு. இனி எது நடந்தாலும் கம்பெனி பார்த்துக்கொள்ளும்" என்கிறார்கள் வேறு சிலர்.

இரண்டும் தவறு. இரண்டாவது யோசனை மிகவும் ஆபத்தானது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், வண்டி ஓட்டுவது குற்றம். முதல் தடவை 6 மாதம் வரை சிறை, அல்லது 10 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 15 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 2019-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது அபராதத்தை இப்படி உயர்த்தினார்கள்.

அபராதம் ஒரு நாளில் தீர்ந்துவிடும். இன்சூரன்சு விஷயம் அப்படி அல்ல.

இரண்டு வகை

கார் இன்சூரன்சில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. ஒன்று, மூன்றாம் நபர் இன்சூரன்சு. நம் கார் மோதி வேறு ஒருவர் இறந்தாலோ, காயம் அடைந்தாலோ, அவருக்கு நஷ்ட ஈடு கொடுப்பதற்காக ஏற்பட்டது இது. இது கட்டாயம். இது இல்லாமல் காரைத் தெருவில் எடுக்கக் கூடாது.

மற்றொன்று, முழு இன்சூரன்சு. இதில் நம் காருக்கும் பாதுகாப்பு உண்டு. தீ, திருட்டு, வெள்ளம், விபத்து எல்லாம் இதில் அடங்கும்.

ஆனால் இந்தச் சீட்டில் சின்ன எழுத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஓட்டியவர் குடித்திருந்தால், காரின் சேதத்துக்குப் பணம் கிடையாது! செல்லத்தக்க லைசென்சு இல்லாமல் ஓட்டினாலும் கிடையாது! எவ்வளவு அதிகமாகப் பிரீமியம் கட்டியிருந்தாலும் இதுதான் கதி.

வீடு யாருக்கு?

"கார் போனால் போகட்டும். அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்துவிடும் அல்லவா?" என்று கேட்கலாம்.

கொடுக்கும். ஆனால் அதோடு முடிந்துவிடாது. அடிபட்ட குடும்பம் அலையக் கூடாது என்பதற்காக, "முதலில் நீ கொடு, பிறகு கார் சொந்தக்காரரிடம் வசூல் செய்துகொள்" என்று கம்பெனிக்குக் கோர்ட்டு உத்தரவிடலாம். லைசென்சு சம்பந்தமான வழக்கு ஒன்றில் 2004-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு இதை விளக்கிக் கூறியது. குடித்து ஓட்டிய வழக்குகளிலும் கோர்ட்டுகள் இப்படித் தீர்ப்புக் கூறியிருக்கின்றன.

நஷ்ட ஈடு 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனி அதைக் கட்டிவிட்டு, நம் வீட்டு வாசலுக்கு வரும். வீட்டை விற்றாவது கொடுக்க வேண்டும். அப்பொழுது கஷ்டப்படுவது யார்? பாவம் அறியாத மனைவியும் மக்களும்!

இது அநியாயம் அல்ல. செத்தவர் வீட்டிலும் மனைவி மக்கள் இருக்கிறார்கள்.

எதை எடுக்கலாம்?

காருக்கு நல்ல மதிப்பு இருந்தால் முழு இன்சூரன்சே எடுங்கள். திருட்டுக்கும் வெள்ளத்துக்கும் அது உதவும். சொந்தக்காரரே ஓட்டும்போது விபத்தில் இறந்தால், குடும்பத்துக்கு 15 லட்சம் ரூபாய் கிடைக்கும் தனிப் பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய கார், அடிமாட்டு விலைக்குத்தான் போகும் என்றால், மூன்றாம் நபர் இன்சூரன்சு மட்டும் போதும்.

விண்ணப்பத்தில் உண்மையை எழுதுங்கள். சென்ற ஆண்டு விபத்துக்குப் பணம் வாங்கியிருந்தால், "வாங்கவில்லை" என்று எழுதிச் சலுகை கேட்காதீர்கள். பொய் வெளிப்பட்டால், பணம் தேவைப்படும் நாளில் கம்பெனி கையை விரித்துவிடும்.

லைசென்சு பறிபோன காலத்திலும் இன்சூரன்சை விட்டுவிடாதீர்கள். 90 நாளுக்கு மேல் விட்டால், விபத்து இல்லாமல் ஓட்டியதற்காகக் கிடைத்த தள்ளுபடி போய்விடும். அந்தக் காலத்தில் டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய லைசென்சை வாங்கிப் பாருங்கள்.

அதிகம் கட்டட்டும்!

அமெரிக்காவில் பல மாநிலங்களில், குடித்து ஓட்டித் தண்டனை அடைந்தவர் பெயரில் "இவருக்கு இன்சூரன்சு இருக்கிறது" என்று கம்பெனியே அரசாங்கத்துக்குச் சான்று அனுப்ப வேண்டும். அதற்கு எஸ்.ஆர்.22 என்று பெயர். பெரும்பாலும் 3 ஆண்டுகளுக்கு இது இருக்க வேண்டும். இடையில் இன்சூரன்சு நின்றால், கம்பெனி உடனே அரசாங்கத்துக்குத் தெரிவித்துவிடும். பிரீமியமும் ஏறிவிடும்.

நம் நாட்டிலும் இந்தப் பேச்சு எழுந்தது. இன்சூரன்சு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழு 2021 ஜனவரியில் ஒரு யோசனை கூறியது. போக்குவரத்துக் குற்றங்களுக்குப் புள்ளி போட வேண்டும். புள்ளி ஏறினால் பிரீமியமும் ஏற வேண்டும் என்பது அந்த யோசனை. குடித்து ஓட்டினால் 100 புள்ளி. தவறான இடத்தில் காரை நிறுத்தினால் 10 புள்ளி.

இது நல்ல யோசனை. ஒழுங்காக ஓட்டுகிறவரும், குடித்து ஓட்டுகிறவரும் ஒரே தொகை கட்டுவது என்ன நியாயம்? தவறு செய்தவர் அதிகம் கட்டட்டும். சில ஆண்டு திருந்தி ஓட்டினால் தொகையைக் குறைக்கட்டும்.

வீட்டுப் பெண்கள் இன்சூரன்சுச் சீட்டை ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். புரியாத இடத்தை ஏஜெண்டிடம் கேட்க வேண்டும். கடன் வந்தால் முதலில் அடகுக் கடைக்குப் போவது அவர்கள் நகைதான்!

குடித்தவருக்குப் பாதுகாப்புத் தரும் இன்சூரன்சு எந்தக் கம்பெனியிலும் இல்லை. குடித்த அன்று கார்ச் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, ஆட்டோவில் போங்கள். அதற்கு ஆகும் செலவு நூறோ இருநூறோதான்!