பால்கனியில் ஒரு கொடி

2014-ல் ஒரு வருஷம் ஜெர்மனியில், ஃபிராங்க்ஃபர்ட்டில் குப்பை கொட்டினேன். நிஜமாகவேதான் ஸார். காகிதத்துக்கு ஒரு தொட்டி, பிளாஸ்டிக்குக்கு ஒரு தொட்டி, வாழைப்பழத் தோலுக்கு வேறு தொட்டி. மாற்றிப் போட்டால் கீழ் வீட்டிலிருந்து ஓனர் எட்டிப் பார்ப்பார். மற்ற நேரத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு சரிபார்க்கிற வேலை. (பி.காம். படித்தவனைச் சந்திர மண்டலத்துக்கு அனுப்பினாலும் கையில் வவுச்சரைத்தான் கொடுப்பார்கள்.)

ஓனருக்கு 74 வயசு. தனி ஆள். என்னைவிட ஐம்பது வயசு பெரியவர், ஆனால் என்னிடம் 'நீங்கள்' போட்டுத்தான் பேசுவார். அங்கே அதுதான் மரியாதை.

ஜூன் மாதம் உலகக் கோப்பை ஃபுட்பால் ஆரம்பித்தது. தெருவில் கார் ஜன்னலெல்லாம் குட்டிக் குட்டிக் கொடிகள். தின்கிற சோற்றுக்கு நன்றி காட்டலாமே என்று நானும் ஐந்து யூரோவுக்கு ஒரு பெரிய கொடி வாங்கிப் பால்கனியில் கட்டினேன். கறுப்பு, சிவப்பு, கீழே மஞ்சள். போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினேன். அப்பா போனில், "என்னடா, அங்கேயும் கூட்டணி அமைச்சாச்சா?" என்றார்.

ஓனர் மட்டும் இரண்டு நாளாகக் குட்மார்னிங்கோடு நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் கதவைத் தட்டினார்.

"அந்தக் கொடியை எடுத்துவிட முடியுமா? கட்டாயமில்லை. சட்டப்படி உங்களுக்கு உரிமை இருக்கிறது."

எனக்கு முகம் செத்துவிட்டது. வெளிநாட்டுக்காரன் கட்டினது பிடிக்கவில்லை போலிருக்கு என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல. அவர் பிறந்தது 1940-ல். தெரு முழுக்கக் கொடி தொங்கின காலம். போருக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. அந்தக் கொடி வேறு, இது வேறு என்று அவருக்கும் தெரியும். இருந்தாலும் வீட்டு வாசலில் எந்தக் கொடியைப் பார்த்தாலும் வயிற்றைப் பிசைகிறதாம். 2006-ல் உலகக் கோப்பை அங்கேயே நடந்தபோதுதான் ஜனங்கள் கூச்சமில்லாமல் வீதியில் கொடி பிடித்தார்களாம். "சின்னப் பசங்க பிடிக்கட்டும், எனக்கு முடியலை" என்றார்.

ஆகஸ்ட் 15-க்குச் சட்டையில் கொடி குத்திக்கொண்டு மிட்டாய்க்கு இரண்டு தடவை வரிசையில் நின்றவன் நான். ஒருத்தருக்குச் சொந்த நாட்டுக் கொடியைப் பார்த்து வயிற்றைப் பிசையும் என்பதே எனக்குப் புதுசு. மறுபேச்சு பேசாமல் அவிழ்த்து மடித்து வைத்தேன்.

என் மனசு நொந்துவிட்டதோ என்று அவருக்கு உறுத்தல். ஜூலை 8, பிரேசிலோடு செமி ஃபைனலுக்குத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். ராத்திரி பத்து மணிக்கு மேட்ச். பத்துக்கு மேல் சத்தம் போட்டால் போலீஸ் வருகிற ஊர் அது. திறந்தவெளியில் பெரிய திரையில் மேட்ச் காட்டுவதற்காக அரசாங்கமே அந்த விதியைத் தளர்த்தித் தனி ஆணை போட்டிருந்தது. ஆர்ப்பாட்டத்துக்கும் ஆர்டர் காப்பி!

11-வது நிமிஷம் முதல் கோல். பெரியவர் கை தட்டினார். 23-ல் குளோசே இரண்டாவது. அப்புறம் 24, 26, 29. நான் சோபாவில் ஏறிக் குதிக்கிறேன். "இங்கே பட்டாசு எங்கே ஸார் கிடைக்கும்?" என்றேன். வருஷக் கடைசி நாட்களில் மட்டும்தான் விற்பார்களாம். சொல்லிவிட்டு டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

திரையில் பிரேசில் பையன் ஒருவன் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போதும். அவங்க ஊர், அவங்க வீடு. இதுக்கு மேலே பார்க்க நல்லா இல்லை" என்றார் பெரியவர். எதிரி டீம் ஐந்து கோல் வாங்கினால் நம் தெருவில் என்ன நடக்கும் என்று யோசித்து, சோபாவிலிருந்து இறங்கினேன். எதிராளியை அவமானப்படுத்தக் கூடாது என்று ஜெர்மன் வீரர்களும் இடைவேளையில் பேசி வைத்துக்கொண்டார்களாம். ஹம்மெல்ஸ் பிறகு சொன்னார். அப்படியும் 7-1.

ஜூலை 13, ஃபைனல். அர்ஜென்டினா. 113-வது நிமிஷம் கோட்ஸே கோல் அடித்ததும் பெரியவர் எழுந்த வேகத்தில் பீர் டம்ளர் கவிழ்ந்தது. கோப்பை கையில் வந்ததா என்றுகூடப் பார்க்காமல் துணி எடுக்க ஓடினார். கார்ப்பெட்டில் கறை!

துடைத்து முடித்து, இன்னொரு டம்ளர் ஊற்றி நீட்டினார். "இனிமேல் நீ என்னை 'நீ' என்றே கூப்பிடலாம்."

அங்கே அது சாதாரண விஷயமில்லை. வயசில் மூத்தவர்தான் அந்த உரிமையைத் தரவேண்டும். பல வருஷம் பக்கத்து மேஜையில் வேலை பார்த்துவிட்டு, தராமலே ரிடையர் ஆகிறவர்கள் உண்டு. எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் 74 வயசுப் பெரியவரை 'நீ' என்று எப்படி ஸார் கூப்பிடுவது? அம்மா காதில் விழுந்தால் வாயிலேயே சூடு வைப்பாள்.

ஊருக்குத் திரும்புகிற வரை, 'நீ', 'நீங்கள்' இரண்டுமே வராத மாதிரி வாக்கியங்களாகப் பார்த்துப் பேசிச் சமாளித்தேன். என் ஜெர்மன் தேறினது அப்படித்தான்.