யார் செய்த தியாகம்?

சேலையூரில் எங்கள் தெருவில் சென்ற மாதம் ஒரு வழியனுப்பு உபசாரம் நடந்தது. எதிர்வீட்டு எழுத்தாளர் என்கிற ஹோதாவில் நானும் அதில் இரண்டு வார்த்தை பேசினேன். அந்த இரண்டு வார்த்தைகளையும் வாபஸ் வாங்கிக்கொள்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். மேடையில் சொன்னதை மேடையிலேயே வாபஸ் வாங்குவதுதான் முறை. ஆனால், நான் சொன்னது தவறு என்று எனக்கே தெரிவதற்கு நான்கு நாட்கள் பிடித்தன. அதற்குள் பந்தலைப் பிரித்துவிட்டார்கள்.

எங்கள் எதிர்வீட்டுத் தம்பதி உகாண்டாவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்கிறவர்கள். அவர் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறார். மலேரியாக் கிருமியைத் தேடித் தேடியே கண்ணாடியின் கனம் கூடிவிட்டது. அந்த அம்மாள் நர்ஸ். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை நாலு மாத லீவில் வருவார்கள். ஆறு வயதுப் பையன் அவர்களோடு இருக்கிறான். ஒன்பதாம் வகுப்பு முடித்திருக்கிற பெண், பள்ளிக்கூடப் படிப்பை உத்தேசித்து, இங்கே ஆச்சியிடம் வளர்கிறாள்.

புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரம் அந்த வீட்டைப் பார்க்க வேண்டுமே! கூடம் முழுவதும் பெட்டிகள். பையனுக்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட சீட்டைக் காணோம் என்று கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு ஒரு நாள் அலைச்சல். மொட்டை மாடியில் ஆச்சி வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள். மிளகாயும் மல்லியும் மில்லுக்குப் போய்ப் பொடியாகத் திரும்பின. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மலிவாக வாங்கிய பெட்டி ஒன்றுக்கு ஒரு சக்கரம் ஓடவில்லை. பெட்டிக்கு 23 கிலோ என்பது விமானக் கம்பெனியின் சட்டம். கொக்கித் தராசில் தூக்குவதும், கூடுதலாக இருக்கிறதென்று ஊறுகாயை எடுப்பதும், ஆச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு ஊறுகாயை வைத்துப் புடவையை எடுப்பதுமாக ஒவ்வொரு ராத்திரியும் பன்னிரண்டு மணி ஆயிற்று. இவ்வளவுக்கும் அந்தப் பெண்தான் தராசைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

உபசாரக் கூட்டத்தில் பேசியவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: தியாகம். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவன் அல்லன். இருந்தாலும் கதை எழுதுகிறவனுக்கு மேடையில் சும்மா இருக்க முடியுமா? ஆபிரகாம் தன் மகன் ஈசாக்கையே பலி கொடுக்கத் துணிந்த கதையை எடுத்துவிட்டேன். "பெற்ற பெண்ணையே விட்டுவிட்டுப் போகிறார்களே, இதைவிடத் தியாகம் உண்டா?" என்று முடித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது. கேசரித் தட்டுகளை எடுத்து வந்துகொண்டிருந்த அந்தப் பெண் மட்டும் தட்டவில்லை. அவள் கைகள் காலியாக இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறி மூன்று நாள் கழித்து, ஆச்சிக்குப் பத்திரிகை கொடுக்கப் போனேன். சுவரில் சபையில் கொடுத்த மாதக் காலண்டர் தொங்கியது. கட்டங்களில் நீல மையால் பெருக்கல் குறிகள்.

"என்னம்மா இது, பரீட்சைக் கணக்கா?" என்றேன்.

"இல்லை அங்கிள். அப்பா அம்மா ராத்திரி வீட்டில் இல்லாத நாள்."

அந்தப் பக்கத்தையும் முந்தைய பக்கங்களையும் புரட்டி எண்ணினேன். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து புறப்பட்ட நாள் வரை 118 நாட்கள். அதில் 68 குறிகள். பாளையங்கோட்டை, நாகர்கோவில், தூத்துக்குடி, கோயம்புத்தூர், பெங்களூர்! காணிக்கை அனுப்புகிற சபைகளுக்கெல்லாம் போய், "உங்கள் பணத்தில் இன்னின்ன காரியம் நடந்தது" என்று படம் காட்டிப் பேசிவிட்டு வர வேண்டும். மிஷனெரி வட்டாரத்தில் இந்த லீவுக்கு 'பர்லோ' என்று பெயர். பட்டாளத்துச் சொல். பட்டாளத்துக்காரனாவது லீவு கிடைத்தால் வீட்டில் படுத்துத் தூங்குவான்.

"அவர்கள் பேரில் உனக்குக் கோபமாக இருக்கிறதா, அம்மா?" என்று கேட்டேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "யார் மேலே அங்கிள் கோபப்படறது?" என்றாள்.

இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால், இந்தக் கேள்வி வேறு எவருக்குப் புரியாவிட்டாலும் எனக்குப் புரிய வேண்டும். ஏனென்றால் என் அப்பா பஹ்ரைனில் பதினொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்தார். இரண்டு வருஷத்துக்கு ஒரு மாதம் வருவார். சென்ட் வாசனையோடு வந்து, வாசனை போகுமுன் திரும்பிவிடுவார். என் பதின்மூன்றாவது வயதில் அவர் வாங்கி வந்த டேப் ரிக்கார்டரைக் கூடத்தில் போட்டு உடைத்தேன். அம்மா விசிறிக் காம்பால் அடித்தாள். அடித்துவிட்டு அவளும் அழுதாள். ஆனால், 'நீ பாவி' என்று என்னை ஒருவரும் சொல்லவில்லை. என் கோபத்துக்கு ஒரு விலாசம் இருந்தது. பணம் என்கிற விலாசம். பணத்தைத் திட்டுவதற்கு எந்த மதத்திலும் தடை இல்லை.

அந்தப் பெண் யாரைத் திட்டுவாள்? அப்பாவையா? அவர் இல்லாவிட்டால் அங்கே மலேரியாவில் ஒரு குழந்தை செத்துப்போகும் என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அது பொய்யும் அல்ல. கடவுளையா? ஐயோ, அது மகாபாவம்! ஆக, அவளுடைய கோபத்துக்குரிய எல்லா வாசலையும் நாம் சாத்திவிட்டோம். சாத்திய கதவுக்குப் போட்ட பூட்டுத்தான் 'தியாகம்' என்ற வார்த்தை. அந்தப் பூட்டை அன்றைக்கு மைக் முன்னால் நின்று இழுத்துப் பார்த்து, சரியாகப் பூட்டியிருக்கிறது என்று உறுதி சொன்னவன் நான்.

இது ஏதோ எங்கள் தெருச் சமாசாரம் அல்ல. வேலூர் ஆஸ்பத்திரியைத் தெரியாத தமிழர் இல்லை. அதை நிறுவிய ஐடா ஸ்கடர், 1870-ல் மிஷனெரிக் குடும்பத்தில் பிறந்தவர். லீவில் குடும்பம் அமெரிக்காவுக்குப் போயிற்று. முதலில் தகப்பனார் இந்தியாவுக்குத் திரும்பினார். பிறகு தாயாரும் புறப்பட்டார். சிறுமி ஐடா சிக்காகோவில் பெரியப்பா வீட்டில் விடப்பட்டாள். 'மிஷனெரி மட்டும் ஆகவே மாட்டேன்' என்று வெகுகாலம் உறுதியாக இருந்தவர் அவர்.

பால் பிராண்டின் கதை இதைவிடக் கொடியது. 1914-ல் நம் கொல்லிமலையில் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளை. 1923-ல் ஒன்பது வயதில் பெற்றோரோடு இங்கிலாந்துக்குப் போனான். லீவு முடிந்ததும் அவனையும் தங்கை கானியையும் லண்டனில் தாயாரின் சகோதரிகளிடம் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். தகப்பனார் ஜெஸி பிராண்ட் வாராவாரம் கடிதம் எழுதுவார். மரம், பூச்சி, பறவை என்று மலையையே காகிதத்தில் அனுப்புவார். அடுத்த லீவு நெருங்கிக்கொண்டிருந்த 1929-ல் மலேரியாவின் கோர ரூபமான கருநீர்க் காய்ச்சலில் அவர் இறந்துபோனார். செய்தி தந்தியில் போயிற்று. கடிதங்கள் கப்பலில் போயின. அப்பா செத்துவிட்டார் என்று தெரிந்த பிறகு, உயிரோடிருந்தபோது அப்பா எழுதிய கடிதங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பதினாலு வயதுப் பையனுக்கு வந்து சேர்ந்தன. நான் கதை எழுதுகிறவன். இப்படி ஒரு கட்டத்தை நான் எழுதியிருந்தால், 'மிகை' என்று பத்திரிகாசிரியர் அடித்திருப்பார்.

இங்கேதான் என் பிரதிவாதிகள் எழுந்திருப்பார்கள். "ஐடா ஸ்கடர் திரும்பி வந்து ஆஸ்பத்திரி கட்டவில்லையா? பால் பிராண்ட் 1946-ல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்தவில்லையா? பிள்ளைகள் கெட்டா போனார்கள்?" என்பார்கள்.

வந்தார்கள், ஐயா. வந்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரியும். வராதவர்களின் சரித்திரத்தை எவர் எழுதினார்? மேலும், காயம் ஆறினது என்பதற்காகக் கத்தியை மெச்சுவார்களா?

இன்னொரு கட்சிக்காரர் வேறு மாதிரி சொல்வார்: "மதம் மாற்றப் போகிறவர்களுக்கு இதுவும் வேண்டும்." இவருக்குப் பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. பிள்ளையை நியூ ஜெர்ஸிக்கு அனுப்பிவிட்டு, பேரன் முகத்தைக் கைபேசியில் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறவர்கள் சிட்லபாக்கத்திலும் பெருங்களத்தூரிலும் தெருவுக்குப் பத்துப் பேர். டாலருக்காகப் பிரிவது விவேகம், நோயாளிக்காகப் பிரிவது பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல நமக்கு வாய் ஏது? போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் மகத்தான வேலை செய்கிறார்கள். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிய நாளிலிருந்தே நம் ஜனங்களும் பாஷை தெரியாத சீமைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். அதனால் இது வெள்ளைக்காரர் வீட்டு வழக்கு என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

"இப்போதுதான் வீடியோவில் முகம் பார்த்துப் பேசலாமே" என்பது மூன்றாவது கட்சி. பேசலாம். ஜுரத்தில் கிடக்கிற பெண்ணின் நெற்றியை வீடியோவில் தொட்டுப் பார்க்க முடியுமா?

அப்படியானால் என் குற்றச்சாட்டு யார் பேரில்? அனுப்புகிறவர்கள் பேரில், கைதட்டுகிறவர்கள் பேரில், என் பேரிலும்தான். ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-ல் இந்தியாவுக்கு வந்து, 1951-ல் டோனாவூரில் கண்மூடுகிற வரை ஒரு தரம்கூடத் தாய்நாட்டுக்கு லீவில் போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. அந்தத் தியாகத்தை அவர் தம் சொந்தக் கணக்கில் எழுதினார், அவரைக் கும்பிடலாம். ஆனால், பெண்ணின் கணக்கிலிருந்து எடுத்துத் தகப்பன் பெயரில் வரவு வைத்தால் அதற்குப் பெயர் தியாகம் அல்ல, கடன். கடன் என்று ஒப்புக்கொண்டால்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் வரும். தியாகம் என்று சொல்லிவிட்டால் சால்வை போட்டுத் தீர்த்துவிடலாம்.

திருப்பிக் கொடுக்க வழி இல்லாமல் இல்லை. மூன்று வருஷத்துப் பிரிவுக்கு நாலு மாத லீவு. அந்த நாலு மாதமாவது அந்தப் பெண்ணுக்குச் சொந்தமா இல்லையா? 68 ராத்திரிகளை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது உகாண்டாவின் நோயாளிகள் அல்ல. தமிழ்நாட்டுச் சபைகளும் சங்கங்களும். காணிக்கை கொடுத்தோம் என்ற உரிமையில், அந்த மனிதரை ஊர் ஊராக வரவழைத்துப் படம் காட்டச் சொன்ன நாம். கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு; இல்லை என்று சொல்லவில்லை. கணக்கைக் காகிதத்தில் எழுதி அனுப்பலாம். கூட்டத்தை உகாண்டாவிலிருந்தே கைபேசியில் நடத்தலாம். வீடியோவின் பெருமையை ஒன்பதாம் வகுப்புப் பெண்ணிடம் பேசுகிறவர்கள், அதைக் கொஞ்சம் தங்கள் கமிட்டியிடமும் பேசட்டுமே!

தாம்பரம் என்ற பெயர் உலகத்து மிஷனெரிகளுக்கெல்லாம் தெரிந்த பெயர். 1938 டிசம்பரில், சீனத்தில் நடக்க வேண்டிய அகில உலக மிஷனெரி மகாநாடு அங்கே யுத்தம் மூண்டதால் இங்கே, நம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்துக்கு வந்தது. மற்ற மதங்களை எந்தக் கண்ணால் பார்ப்பது என்று அங்கே கிளம்பிய விவாதத்துக்கு 'தாம்பரம்' என்றே பெயர். அந்த விவாதத்துக்குள் நுழைய எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வளாகத்திலிருந்து நடந்தே போகிற தூரத்தில், ஒரு சுவரில், நீல மையால் போட்ட 68 குறிகள் இருக்கின்றன. அதைப் படிக்க வேதசாஸ்திரம் வேண்டாம்.

வாபஸ் வாங்குகிறேன் என்று தொடங்கினேன் அல்லவா? அன்றிரவு வீட்டுக்கு வந்து, நான் மேடையில் வீசிய ஆபிரகாம் கதையை எடுத்து முழுவதும் படித்தேன். அதில் கத்தியை ஓங்கியது வரையில்தான் நான் கேள்விப்பட்டிருந்தேன். பிள்ளை மேல் கை போடாதே என்று மேலிருந்து ஒரு குரல் தடுக்கிறது, ஈசாக்கு பிழைத்துக்கொள்கிறான். கதையின் பாதியை மட்டும் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறேன். மறுநாள் போய் அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "எனக்கு முன்னமே தெரியும், அங்கிள்" என்றாள்.

மூன்று வருஷம் கழித்து அவள் பெற்றோர் மறுபடி வரும்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருப்பாள். அந்த லீவுக்குரிய கூட்டங்களை இப்போதே எந்தெந்த ஊரில் யார் யார் டயரியில் குறித்து வைத்திருக்கிறார்களோ, தெரியாது. குறித்தவர்கள் தயவுசெய்து முதல் இரண்டு மாதத்தை அழித்துவிடுங்கள்.