மண் யார் பெயரில் இருந்தது?



சூலியா தெருவில் வணிகம் செய்த தமிழரை நம் பிள்ளைகள் ஓரளவு அறிவர். நம் முன்னோரைப் போலவே தோட்ட வேலைக்காகக் கடல் கடந்தவர்களின் வழிவந்த இலங்கை மலையகத் தமிழரை அறியார்.

1977 ஆகஸ்டு கலவரத்தில் விரட்டப்பட்ட அம்மக்களுள் பலர் வறண்ட வன்னிப் பகுதிக்கு வந்தனர். கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அமைப்பு அவர்களைப் பண்ணைகளில் குடியமர்த்தியது. பாலர் பள்ளிகளையும் நடத்தியது. கொழுந்து பறித்த கைகள் காடு திருத்திப் பயிரிட்டன. 1983இல் இருவரும் கைதாகினர். அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். 1984இல் டொலர், கென்ட் பண்ணைகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. திருத்திய மண் அவர்கள் பெயரில் இருக்கவில்லை.

நம் நாட்டிலும் தோட்டங்கள் கைமாறியபோது, தலைமுறைகளாக உழைத்த குடும்பங்கள் பல வெறுங்கையோடு வெளியேறின. குடியமர்த்துவது கருணை, நில உரிமை தருவதே நீதி என்பது என் கருத்து.

ஆசிரியர்களே, பெற்றோரே! பால்மரம் வெட்டினோம், கொழுந்து பறித்தோம் என்பதோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள். அந்த மண் யார் பெயரில் இருந்தது என்று கேட்கவும் பிள்ளைகளைப் பழக்குங்கள்.