பிக்கப் பார்க்க எங்க ஊர் ரோடுதான் கெடச்சுதா?

லீவு நாள் வந்தா ஏலகிரிக்கு வர்ற கார்காரங்களில் சிலர், டேஷ்போர்டில் ஒரு சின்ன மீட்டரை ஒட்டிக்கொண்டு, மலையடிவாரத்து ரோட்டில் 'பிக்கப்' பார்க்கிறார்கள். நின்ற வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை நொடி ஆகுதுன்னு அது சொல்லும். வண்டி பாயும் வேகத்தை உள்ளே இருக்கும் சென்சார் உணர்ந்து கணக்குப் போடும். நல்ல கருவிதான், குறை சொல்லல.

ஆனா அதுக்குச் சமமான தரை வேணும். 10 நொடியில் நூறைத் தொடும் வண்டிக்கு, ரோடு ஒரு டிகிரி சரிந்திருந்தாலே பாய்ச்சல் சுமார் 6 சதவீதம் கூடிடும். இறக்கத்தில் எடுத்த நம்பர் யாருக்குப் பெருமை? பள்ளத்துக்கா, வண்டிக்கா?

நூறில் போகிற வண்டி ஒரு நொடியில் 28 மீட்டர் ஓடிடும். ரோட்டோரம் கேழ்வரகு காயவைக்கிறவங்க, ஆடு ஓட்டி வர்ற பிள்ளைங்க எல்லாரும் அந்த 28 மீட்டருக்குள்ளதான் இருக்கோம்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து ரேஸ் டிராக் இருக்கு. முறையா அனுமதி வாங்கி அங்க பாருங்க. அப்படியே பிரேக் போட்டா எத்தனை மீட்டரில் நிக்குதுன்னும் அளந்து பாருங்க. எங்களுக்கு வேண்டிய நம்பர் அதுதான்.