கூடு காக்கும் தந்தை



மீன்பிடித்தலைப் பிழைப்பாகக் கொண்டோரை நாம் நன்கறிவோம். பிடித்த மீனை மீண்டும் நீரிலேயே விட்டுவிடுவதற்காகப் பணங்கொடுத்துப் படகேறுவோரும் உளர் என்றால் நம் இல்லத்துப் பெரியோர் நகைக்கக்கூடும். ஆயினும் அமெரிக்க நாட்டில் இது பல இலட்சம் மக்கள் விரும்பும் பொழுதுபோக்கு. அவர்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுக்கு இதுவே நேர்மையான பிழைப்பு. அத்தொழிலினுள் உறைந்திருக்கும் அறக்கேள்வி ஒன்றை இத்திங்கள் சிந்திப்போம்.

கலிபோர்னியா மாநிலத்தில் சியரா நெவாடா மலைத்தொடரின் அடிவாரத்தே ஃபெதர் ஆற்றைத் தடுத்துக் கட்டப்பெற்றது ஓரோவில் நீர்த்தேக்கம். 1968இல் நிறைவுற்ற அதன் அணை 770 அடி உயரமுடையது. அந்நாட்டு அணைகளுள் அதுவே மிக உயரமானது. பாஸ் என்னும் நன்னீர் மீனுக்கு, சிறப்பாகப் புள்ளி பாஸ் என்னும் இனத்துக்கு, இவ்வேரி பெயர் பெற்றது. அகன்ற வாயும், தூண்டிலில் சிக்கியபின் திமிறும் வலிமையும் உடைய வேட்டை மீன் அது. கலிபோர்னியாவுக்கு உரியதன்று, நாட்டின் கிழக்குப் பகுதி ஆறுகளிலிருந்து மனிதர் கொணர்ந்து விட்டது.

இங்கே வழிகாட்டியின் துணை தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. மலையடிவாரத் தேக்கத்தின் நீர்மட்டம் ஒருபோதும் ஒரே நிலையில் நிற்பதில்லை. 2021ஆம் ஆண்டு வறட்சியில் ஓரோவிலின் நீர் நிறைமட்டத்துக்கு 250 அடிக்கும் மேல் தாழ்ந்தது; நீர் போதாமையால் அணையின் மின்நிலையமே முதன்முறையாக நின்றது. 2023இல் ஏரி மீண்டும் நிரம்பிற்று. சென்ற ஆண்டு மீன் தங்கிய பாறை இவ்வாண்டு வெட்டவெளியில் கிடக்கலாம். அல்லது தூண்டில் எட்டாத ஆழத்தில் மூழ்கியிருக்கலாம். அரசின் உரிமம் பெற்ற வழிகாட்டி, விடியுமுன் படகுத்துறையில் காத்திருந்து, ஒலியலைக் கருவியால் ஆழம் பார்த்து, விருந்தினரை உரிய இடத்துக்கு இட்டுச்செல்கிறார். அவர் விற்பது தம் அறிவை. வாங்குபவர் எதிர்பார்ப்பதோ ஒரு பெரிய மீனை.

இளவேனிலில் நீரின் வெப்பம் ஏறத்தாழ 15 முதல் 18 டிகிரி செல்சியசை எட்டும்போது பாஸ் மீன்கள் முட்டையிடுகின்றன. ஆண் மீன் கரையோரத்துச் சரளைத் தரையை வாலால் துப்புரவு செய்து வட்டமான கூடு அமைக்கிறது. பெண் மீன் முட்டையிட்டு அகன்றுவிடுகிறது. அதன்பின் காவல் முழுவதும் தந்தையின் பொறுப்பு. துடுப்பசைத்து முட்டைகளுக்குத் தூய நீரை ஊட்டுகிறது. இரை தேடுவதைப் பெரிதும் குறைத்துக்கொள்கிறது. நெருங்கும் எதனையும் பாய்ந்து விரட்டுகிறது. குஞ்சுகள் பொரிந்து கூட்டமாய் நீந்தத் தொடங்கிய பின்னரும் சில காலம் உடன் செல்கிறது.

இந்தத் தந்தைப்பாசமே அதன் கேடாகிறது. கூட்டினருகே போலி இரை விழுந்தால் பசியில்லாத நிலையிலும் அது பாய்ந்து கவ்வும். கைதேராதவரும் எளிதில் பிடித்துவிடலாம். விருந்தினர் மகிழ்வார்; நிழற்படம் எடுப்பார்; மீனை நீரில் விட்டுவிட்டு, தீங்கொன்றும் நேரவில்லை என்று எண்ணுவார். அச்சில நிமிடங்களுக்குள் சிறுமீன்கள் காவலற்ற கூட்டினுள் புகுந்து முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். டேவிட் ஃபிலிப் என்னும் ஆய்வாளரும் அவர்தம் தோழர்களும் 1997இல் வெளியிட்ட ஆய்வு இதனை உறுதிப்படுத்திற்று. இவ்வாறு பிடித்து விடப்பெற்ற தந்தை மீன்கள் கூட்டைக் கைவிட்டுவிடுவதும் மிகுகின்றது என அது காட்டிற்று.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் பல இடங்களில் ஜூன் மாதப் பிற்பகுதி வரை பாஸ் பிடித்தலைச் சட்டமே தடுக்கிறது. ஓரோவிலில் ஆண்டு முழுவதும் பிடிக்கலாம். பெரிய ஏரியில் ஒரு கூட்டில் ஆயிரக்கணக்கான முட்டைகள் இருக்க, எஞ்சிய கூடுகளே இனத்தைப் பெருக்கப் போதும் என்று வாதிடுவோரும் உளர். நெடிய கோடையும் நிறைந்த இரையும் உடைய நீர்நிலைகளில் அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் ஏரியின் மீன்தொகை குறையவில்லை என்பது ஒரு கேள்விக்கு விடை. காவல் நிற்பவனை அக்காவலையே தூண்டிலாக்கிப் பிடிக்கலாமா என்பது வேறொரு கேள்வி.

சட்டம் மௌனமாயிருக்கும் இடத்தில் விடை வழிகாட்டியின் மனச்சான்றிடம் வந்து சேருகிறது. அவருக்கு அது எளிதன்று. கூலி கொடுத்தவர் வெறுங்கையோடு திரும்பினால் மறுமுறை வேறு படகைத் தேடக்கூடும். அவ்வாறிருந்தும் கரையோரக் கூடுகளை விலக்கி ஆழநீருக்குப் படகைச் செலுத்தும் வழிகாட்டி தம் வருவாயையே பணயம் வைக்கிறார். கூடுகளை விருந்தினருக்குக் காட்டி, அங்குத் தூண்டில் வீசாமைக்குக் காரணமும் கூறுவாராயின், பிடிபட்ட மீனைவிடப் பெரியதொன்றை விருந்தினர் வீட்டுக்குக் கொண்டுசெல்வார்.

எங்கே மீன் உண்டு என்று அறிவது தொழில்திறம். எப்போது தூண்டிலை வீசாதிருக்க வேண்டும் என்று அறிந்து, அதற்காகச் சிறிது இழப்பையும் ஏற்பவரையே நல்ல வழிகாட்டி என்போம். பிள்ளைகளை முதன்முறையாக நீர்நிலைக்கு அழைத்துச் செல்லும் தந்தையர் இவ்விரண்டாம் பாடத்தையும் சேர்த்தே கற்பிப்பாராக.