மரணத்தை அகற்றும் துணிவு



2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16. அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஆப்கானிஸ்தானின் தெற்கே, ஹெல்மண்ட் மாகாணத்தில், சங்கின் என்னும் ஊருக்கு அருகே பிரித்தானியப் படைவீரர்கள் ஒரு பாதையைப் பாதுகாப்பானதாக்கும் பணியில் இருந்தார்கள். முன்னே சென்ற குழுவில் ஒருவர், மண்ணில் புதைத்து வைக்கப்பட்டிருந்த கண்ணிவெடியில் சிக்கிப் படுகாயமடைந்தார். அவரை ஸ்டிரெச்சரில் தூக்கி வந்தவர்களில் ஒருவரின் காலடியில் இரண்டாவது கண்ணிவெடி வெடித்தது. இருவர் அங்கேயே இறந்தார்கள். மேலும் பலர் படுகாயமுற்றார்கள். அவர்களில் ஒருவர் பின்னர் இறந்தார்.

அந்த இடம் முழுவதும் கண்ணிவெடிகள். காயமடைந்தவர்களால் நகர முடியவில்லை. காப்பாற்றப் போகிறவர் அடுத்த அடியை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. எதிரிகளோ தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில் அழைக்கப்பட்டவர்தான் வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் நிபுணரான ஸ்டாஃப் சார்ஜன்ட் கிம் ஹியூஸ். இப்பணியில் இருப்பவர்களுக்கு 30 கிலோவுக்கும் அதிக எடையுள்ள பாதுகாப்பு உடை உண்டு. அதை அணியவும், அணிந்துகொண்டு நடக்கவும் நேரம் பிடிக்கும். காயமடைந்தவர்களிடம் அந்த நேரம் இல்லை. எனவே அவர் அந்த உடை இல்லாமலே இறங்கினார். மண்ணைச் சோதித்துப் பாதை அமைத்தபடியே, "உதவி வருகிறது" என்று அவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே போனார். முதல் வீரரை நெருங்கியபோது, அவரிடமிருந்து ஒரு மீட்டருக்குள் இன்னொரு கண்ணிவெடி இருப்பதைக் கண்டார். அதன் மின்சக்தி எங்கிருந்து வருகிறது என்பதுகூடத் தெரியாத நிலையில், அதைத் தன் கைகளாலேயே செயலிழக்கச் செய்தார். தொடர்ந்து முன்னேறியபோது இன்னும் இரண்டு. அவற்றையும் கையாலேயே முடித்தார். காயமுற்றவர்கள் அனைவரும் வெளியே கொண்டுவரப்பட்டார்கள். இறந்தவர்களின் உடல்களும் மீட்கப்பட்டன. அதன் பிறகு, தேடுதல் குழுவினர் கண்டுபிடித்த மேலும் நான்கு வெடிகளையும் அகற்றினார். ஒரே மின்சுற்றில் இணைக்கப்பட்ட ஏழு கண்ணிவெடிகள்!

2010 மார்ச் மாதம் அவருக்கு ஜார்ஜ் சிலுவை விருது அறிவிக்கப்பட்டது. அதே நாளில் அவருடைய சகபணியாளர் ஓலாஃப் ஷ்மிட் என்பவருக்கும் அதே விருது அறிவிக்கப்பட்டது. ஆனால் அதைப் பெற்றுக்கொள்ள ஷ்மிட் உயிரோடு இல்லை.

பல ஆண்டுகள் கடந்துவிட்ட இந்த நிகழ்ச்சியை இன்று நாம் ஏன் சிந்திக்க வேண்டும்? காரணம் உண்டு. மண்ணில் மரணத்தைப் புதைப்பது சரியா என்ற கேள்வி, உலக அரங்கில் முடிந்துபோன கேள்வி என்று நாம் நம்பியிருந்தோம். அது மீண்டும் திறக்கப்பட்டிருக்கிறது.

எது துணிவு?

ஜார்ஜ் சிலுவை விருது, இரண்டாம் உலகப் போரின்போது, 1940-ஆம் ஆண்டு செப்டம்பரில், அரசர் ஆறாம் ஜார்ஜால் ஏற்படுத்தப்பட்டது. அப்போது இலண்டன் நகரின் மீது இரவுதோறும் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. போர்க்களத்தில் எதிரியை நேருக்கு நேர் சந்தித்துக் காட்டும் வீரத்துக்கு விக்டோரியா சிலுவை விருது ஏற்கெனவே இருந்தது. ஆனால் வெடிக்காமல் கிடந்த குண்டின் அருகே மண்டியிட்டவருக்குச் சுடுவதற்கு எதிரே யாரும் இல்லை. அவருடைய துணிவை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இத்தகைய துணிவைப் போற்றவே புதிய விருது பிறந்தது. அதை முதலில் பெற்றவர்களில் பலர் வெடிகுண்டு அகற்றுவோரே. புனித பவுல் பேராலயத்தின் அருகே விழுந்து புதைந்த பெரிய குண்டைத் தோண்டி எடுத்தவர்களும் அவர்களுள் அடங்குவர்.

தூய தோமா அக்குவினா மனத்திடம் என்னும் தலையாய நற்பண்பைப் பற்றி எழுதும்போது, இரண்டு செயல்களைப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று தாக்குவது, மற்றொன்று தாங்குவது. இவற்றில் தாங்கி நிற்பதே மனத்திடத்தின் முதன்மையான செயல் என்பது அவருடைய முடிவு. தாக்குகிறவருக்குக் கோபம் துணை நிற்கும். தாங்கி நிற்பவர் அச்சத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டே நெடுநேரம் நிலைத்திருக்க வேண்டும்.

வெடிகுண்டு அகற்றும் பணியில் இதைக் கண்கூடாகக் காண்கிறோம். தன் குழுவைப் பின்னால் நிறுத்திவிட்டு, வெடிபொருளை நோக்கி ஒருவர் மட்டும் தனியே செல்வதை அவர்கள் 'நீண்ட நடை' என்று அழைக்கிறார்கள். அந்த நடையில் ஆவேசத்துக்கு வேலை இல்லை. கைநடுக்கம் கூடாது, அவசரம் கூடாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவர்கள் கண்மூடித்தனமாக உயிரைப் பணயம் வைப்பவர்கள் அல்லர். முடிந்தவரை தொலைவில் இருந்தபடியே, ரோபோ போன்ற கருவிகளைக் கொண்டு வேலையை முடிப்பதே அவர்கள் கற்கும் பாடம். அன்று ஹியூஸ் செய்ததுபோல் பாதுகாப்பின்றிக் கையால் செயலிழக்கச் செய்ய இரண்டே சூழ்நிலைகளில்தான் இடம் உண்டு. அப்பாவி ஒருவரின் உடலில் வெடிகுண்டு கட்டப்பட்டிருப்பது ஒன்று. பலர் காயமுற்றுக் கிடக்க, தாமதித்தால் மேலும் உயிர்கள் போவது உறுதி என்ற நிலை மற்றொன்று. இரண்டிலும் அளவுகோல் ஒன்றே: பிறருடைய உயிர். முன்மதி இல்லாத துணிவு வெறும் முரட்டுத்தனம் என்று திருச்சபை கற்பிப்பதை, இந்த விதி அதன் வழியில் சொல்கிறது.

துணிவுக்கும் ஒரு விலை உண்டு

ஓலாஃப் ஷ்மிட் ஐந்து மாதப் பணியில் 70 வெடிபொருள்களைக் கையாண்டவர். 2009 அக்டோபரில் சங்கின் கடைத்தெருவில், மக்கள் நடமாட்டத்துக்கு நடுவே, பீரங்கிக் குண்டு ஒன்று வெடிக்கத் தயாராக வைக்கப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து இயக்கக்கூடிய குண்டு அது. சுற்றிலும் இருந்த பொதுமக்களை நினைத்து, அதையும் அவர் கையாலேயே செயலிழக்கச் செய்தார். அன்று பிழைத்தவர்கள் அவருடைய நாட்டவர் அல்லர். அவருடைய மொழியோ மதமோ அவர்களுடையது அல்ல. நல்ல சமாரியரின் உவமையில் இயேசு கேட்ட கேள்வி, அந்தக் கடைத்தெருவில் விடை பெற்றது என்றே சொல்லலாம்.

அந்த மாதத்தின் கடைசி நாளில், பணிக்காலம் முடியும் தறுவாயில், ஒரு கண்ணிவெடியைச் செயலிழக்கச் செய்யும்போது அது வெடித்து ஷ்மிட் இறந்தார். அவருக்கு வயது 30. அவருடைய சவ ஊர்தி சென்றபோது அவருடைய மனைவி கைதட்டி வழியனுப்பியது அந்நாட்டு மக்களின் மனத்தில் பதிந்தது. அதே பெண், பின்னர் இந்தப் பிரிவில் இருந்த ஆள் பற்றாக்குறையையும், ஓய்வில்லாத பணிச்சுமையையும் குறித்துப் பொதுவெளியில் கேள்வி எழுப்பினார்.

இது நாம் மறக்கக்கூடாத பக்கம். ஒருவருடைய துணிவைப் புகழ்வது எளிது. அவருக்கு ஓய்வும் துணையும் கருவியும் கொடுப்பது செலவு. தியாகம் என்ற சொல் அந்தச் செலவைத் தட்டிக் கழிக்கும் சாக்காகிவிடக் கூடாது. தானாக முன்வந்து கொடுக்கும்போதுதான் உயிர் காணிக்கையாகிறது. மற்றவர்களின் அலட்சியத்தால் பறிபோகும்போது அது அநீதி.

வீரரைப் போற்றுவது போரைப் போற்றுவதாகுமா?

இந்தக் கேள்வி உங்களில் பலருக்கு எழும், எழ வேண்டும். ஆப்கானிஸ்தானில் 457 பிரித்தானியப் படையினர் இறந்தார்கள். உயிரிழந்த ஆப்கானியப் பொதுமக்களோ பல்லாயிரம் பேர். இருபது ஆண்டுகள் நடந்த போருக்குப் பின், 2021 ஆகஸ்டில் தாலிபான்கள் மீண்டும் ஆட்சிக்கு வந்தார்கள். அப்படியானால் அந்தத் துணிவெல்லாம் வீணா?

இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, போரின் கொடுமையைக் கண்டிக்கிறது. பகுத்தறியாமல் மக்களையும் ஊர்களையும் அழிப்பது கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்கிறது. ஆனால் மக்களின் பாதுகாப்புக்காகத் தம் கடமையை நேர்மையாகச் செய்யும் படைவீரர்கள் அமைதிக்குத் துணைசெய்கிறார்கள் என்றும் சொல்கிறது. இரண்டையும் நாம் சேர்த்தே பிடிக்க வேண்டும். போர் சரியா தவறா என்பது ஆட்சியாளர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. அதன் விடை எதுவானாலும், அன்று அந்தப் பாதையில் பிழைத்த வீரர்களின் உயிர் வீண் ஆகாது. அந்தக் கடைத்தெருவில் காய்கறி வாங்க வந்தவர்களின் உயிரும் வீண் ஆகாது. அரசியல் இலக்குகள் தோற்கலாம். காப்பாற்றப்பட்ட ஓர் உயிர் தோல்வியின் கணக்கில் வராது.

விதைப்பவர் யார்?

ஹியூஸ் அகற்றிய வெடிகள் உள்ளூரில் கைக்குக் கிடைத்த பொருள்களால் செய்யப்பட்டவை. ஒருவர் மிதித்தால் வெடிக்கும், அவ்வளவுதான். மிதிப்பது படைவீரரா, பள்ளிக்குப் போகும் சிறுமியா, ஆடு மேய்ப்பவரா என்று அதற்குத் தெரியாது. தொழிற்சாலையில் செய்யப்படும் கண்ணிவெடியும் அப்படித்தான். செய்தவர் வேறு, செயல் ஒன்று.

இதனால்தான் 1997-இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கை உருவானது. 1999 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்தது. நூற்றி அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்தன. திருப்பீடம் 1998-லேயே அதற்கு ஏற்பு அளித்தது. ஆனால் 2025-இல் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஆகிய ஐந்து நாடுகள் அதிலிருந்து விலக முடிவெடுத்தன. இவற்றில் போலந்தும் லித்துவேனியாவும் கத்தோலிக்கர் பெரும்பான்மையாக வாழும் நாடுகள்.

அவர்களுடைய அச்சம் பொய்யானது அல்ல. 2022-இல் உக்ரைன் மீது ரஷ்யா தொடுத்த போரை அவர்கள் எல்லைக்கு அப்பால் பார்க்கிறார்கள். ரஷ்யா இந்த உடன்படிக்கையில் சேரவே இல்லை. எல்லையைக் காக்கும் கடமை ஓர் அரசுக்கு உண்டு. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்ட பின்பும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. போர் முடிந்த பிறகு, இந்த வெடிகளை எடுக்கப்போவது யார்? உலக அளவில் கண்ணிவெடிகளாலும் போரின் வெடிபொருள் எச்சங்களாலும் 2023-இல் மட்டும் 5,757 பேர் இறந்தார்கள் அல்லது காயமுற்றார்கள். அவர்களில் 84 விழுக்காட்டினர் பொதுமக்கள். படை திரும்பிப் போய்விடுகிறது. வெடி அங்கேயே இருக்கிறது.

இதற்குச் சாட்சி தேட நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. ஹியூஸ் ஹெல்மண்டில் மண்டியிட்ட அதே 2009-இல்தான் இலங்கையின் உள்நாட்டுப் போரும் முடிந்தது. இரு தரப்பும் புதைத்த கண்ணிவெடிகள் வடக்கிலும் கிழக்கிலும் வயல்களையும் வீட்டு வளவுகளையும் நிறைத்திருந்தன. முகமாலை போன்ற இடங்களில் அவற்றை அகற்ற முன்வந்தவர்களில் நம் தமிழ்ப் பெண்கள் பலர். போரில் கணவரை இழந்து, பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவர்களும் அவர்களில் உண்டு. வெயிலில் முழந்தாளிட்டு, வாரியால் மண்ணைச் சிறிது சிறிதாக வாரி எடுத்து, ஒரு நாளில் சில சதுர மீட்டர் நிலத்தை அவர்கள் மீட்கிறார்கள். அவர்களுக்கு விருது இல்லை, விழா இல்லை. மீட்ட நிலத்தில் யாரோ ஒருவர் மீண்டும் வீடு கட்டுகிறார். இலங்கை அரசு 2017-இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. இந்தியா இன்றுவரை சேரவில்லை.

நாம் செய்யக்கூடியது

அன்பார்ந்தவர்களே, யோவான் நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தில் இயேசு அன்பின் உச்சத்தைப் பற்றிப் பேசுகிறார். அந்த உச்சத்தைத் தொட்டவர்களை நாம் போற்றுவது நல்லது. ஆனால் அவர்கள் உயிரைப் பணயம் வைத்து எடுப்பதை நாம் மறுபடி விதைத்தால், அந்தப் புகழ்ச்சி அவர்களை ஏமாற்றுவதாகும். இத்துணிவு இனித் தேவைப்படாத நிலையை உருவாக்குவதே அவர்களுக்குச் செய்யும் உண்மையான மரியாதை.

அதற்குச் சாதாரண மக்களாகிய நம்மால் என்ன செய்ய முடியும் என்று எண்ண வேண்டாம். 1997-இல் அந்த உடன்படிக்கையைக் கொண்டுவந்ததில் அரசுகளுக்கு மட்டுமல்ல, கையெழுத்து திரட்டிய, குரல் எழுப்பிய சாதாரண மக்களுக்கும் பெரும் பங்கு உண்டு. அந்த இயக்கத்துக்கு அதே ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது. பாதுகாப்பு என்ற பெயரில் எந்த ஆயுதமும் சரிதான் என்று நம் வீட்டுப் பேச்சில் எழும்போது, மிதிப்பவர் யாராக இருக்கக்கூடும் என்று ஒரு கேள்வி கேட்கலாம். நம் பிள்ளைகளுக்கு வீரக் கதை சொல்லும்போது, சுட்டு வீழ்த்தியவரின் கதையோடு, மண்டியிட்டு வெடியை அகற்றியவரின் கதையையும் சொல்லலாம்.

ஏப்ரல் 4-ஆம் நாளை ஐக்கிய நாடுகள் அவை கண்ணிவெடி விழிப்புணர்வு நாளாக அறிவித்திருக்கிறது. அதையொட்டி வரும் ஞாயிறு திருப்பலியின் விசுவாசிகள் மன்றாட்டில் ஒரு மன்றாட்டைச் சேர்த்துக்கொள்வோம்: இன்றும் எங்கோ ஓர் வயலில் முழந்தாளிட்டிருக்கும் அந்தக் கைகளுக்காகவும், அந்தக் கைகளுக்காக வீட்டு வாசலில் காத்திருக்கும் குடும்பங்களுக்காகவும்.